ஒட்டடையா, விதானமா?

திருவானைக்காத் திருத்தலத்தோடு தொடர்புடைய சிலந்தியின் வரலாற்றைத் தமிழ் கற்றோர் பலரும் அறிவர். வெண்ணாவல் மரத்தடியில் வீற்றிருந்த இறைவன்மீது சருகு உதிராவண்ணம் சிலந்தியொன்று தன் நூலால் விதானம் அமைத்தது. அங்கு வழிபட வந்த யானை, அதனைத் தூய்மைக்கேடு எனக் கருதிச் சிதைத்தது. சிலந்தி மீண்டும் பின்னியது. யானை மீண்டும் சிதைத்தது. முடிவில் சினங்கொண்ட சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அச்சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகத் தோன்றிற்று என்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் வரலாறு.

பத்தி நெறியில் நின்று இதனைக் கற்போர் அன்பின் ஆற்றலைக் காண்பர். அறநெறியில் நின்று கற்போர்க்கோ வேறொரு வினா எழும். யானை தீய எண்ணம் உடையதன்று. அதுவும் வழிபட வந்ததே. ஆயினும் சிலந்தியின் கண்ணுக்கு விதானமாக இருந்தது யானையின் கண்ணுக்கு ஒட்டடையாகத் தோன்றிற்று. வலிமை மிக்கதன் பார்வையே அங்குத் தீர்ப்பாயிற்று. மற்றோர் உயிரின் வாழ்வை ஒட்டடை என்று தீர்மானித்துத் துடைத்தெறிய மனிதனுக்கு உரிமை உண்டோ? உண்டெனில், அவ்வுரிமைக்கு எல்லை யாது?

இவ்வினாவை எழுப்புதற்கு நெகிரி செம்பிலான் தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் அரிது. ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் முதலிய வட்டாரங்களில் காடு வெட்டிப் பால்மரம் நட்டனர். பின்னர்ப் பெரும்பகுதிப் பால்மரத்தை வீழ்த்திச் செம்பனை நட்டனர். ஒரே வகை மரம் அணியணியாய் நிற்கும் நிலத்தில், காட்டில் வாழ்ந்த உயிர்வகைகள் பல மறைந்தன. சிலந்தியோ வகையால் குறைந்தும், முற்றிலும் அகலாது நிலைத்து நின்றது. விடியற்பொழுதில் தலைவிளக்கோடு பால்வெட்டச் சென்ற தொழிலாளியின் முகத்தில் முதலில் பட்டது பெரும்பாலும் அதன் வலையே. அவர் அதனைத் துடைத்துவிட்டு அடுத்த மரத்திற்கு நடந்தார். மறுநாள் அங்கே மற்றொரு வலை காத்திருந்தது.

பேச்சு வழக்கில் இதனை 'எட்டுக்கால் பூச்சி' என்பர். பெயரிலேயே பிழை உண்டு. பூச்சிக்குக் கால்கள் ஆறு, உடற்பகுதிகள் மூன்று. சிலந்திக்குக் கால்கள் எட்டு, உடற்பகுதிகள் இரண்டு. அது பூச்சி இனத்தைச் சார்ந்ததன்று, தேளுக்கு உறவுடையது. உலகில் இதுவரை பெயரிட்டு விளக்கப்பெற்ற சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. அவையனைத்தையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே துடைப்பத்தால் அகற்றுவது மனித வழக்கம்.

சற்று நின்று நோக்கினால் வேற்றுமைகள் விளங்கும். காட்டோரத்தில் நெபிலா என்னும் பெருஞ்சிலந்தி பின்னும் வலை, கதிரொளி படுங்கால் பொன்னிறமாய் மின்னும். பெண் சிலந்தி கையகலத்திற்குக் கால் விரிக்க, அதே வலையில் ஒதுங்கி வாழும் ஆணோ நெல்மணி அளவினது. ஆர்கியோப் என்னும் மற்றோர் இனம், வலையின் நடுவே பெருக்கற்குறி வடிவில் வெண்பட்டை நெய்து, கால்களை இரண்டிரண்டாய்ச் சேர்த்து அதன்மேல் அமரும். லயத்து வீட்டுச் சுவரில் இரவில் திரியும் பெருஞ்சிலந்தி வலையே பின்னாது; ஓடிச் சென்று கரப்பானைப் பிடிக்கும். அதன் பெண், தட்டையான முட்டைப்பையை உடலின் அடியில் ஏந்தி, குஞ்சுகள் வெளிவரும் வரை சுமந்து திரியும். எறும்புருக் கொண்ட சிலந்தி ஒன்று, முன்கால்களை உணர்கொம்புபோல் உயர்த்தி, முசுற்றெறும்புகளின் அருகே வாழும். ஆணின் தாடைகள் மிக நீண்டிருத்தலால், அது ஓர் எறும்பு மற்றோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோல் தோன்றும். இலைகள் இரண்டை ஒட்டி இடையே வாழும் சிறுசிலந்தியையோ மலாயாவின் சிறுவர் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்துச் சண்டையிடச் செய்தனர். பெரியோர்க்குக் குப்பையாகத் தோன்றியது சிறுவர்க்கு விளையாட்டுப் பொருளாயிற்று. இரு நோக்கிலும் அதன் உயிர்க்கு மதிப்பில்லை.

தோட்டத்து மக்கள் தைப்பூசத்திற்கு ஆண்டுதோறும் செல்லும் பத்துமலையிலும் இத்தகைய உயிர் ஒன்று உண்டு. 272 படிகளின் பக்கத்தே திறக்கும் இருட்குகையில், சுவரோடு சுவராய் மண்ணும் நூலும் கலந்து கதவு அமைத்து, வாயிலைச் சுற்றி இழைகளை நீட்டி, அவ்விழை அதிரும் கணத்திற்காக அது காத்திருக்கும். பத்துமலையின் பெயராலேயே 1923-இல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டப்பட்டது. பிற சிலந்திகள் இழந்துவிட்ட வயிற்று வளையத் தகடுகளை இன்னும் தாங்கியிருக்கும் அதன் குலம், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுத் தொன்மையுடையது. காவடி சுமந்து படியேறுவோர் பல்லாயிரவர். பக்கத்துக் குகையில் அத்துணைத் தொன்மை குடியிருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. எறும்பு மூவறிவிற்று, நண்டும் தும்பியும் நாலறிவின. சிலந்தியை எவ்வரிசையில் வைப்பது? இலங்கை முதல் மலேசியா வரை வாழும் போர்ஷியா என்னும் குதிக்கும் சிலந்தி, பிற சிலந்திகளையே வேட்டையாடுவது. இரையின் வலையோரத்தில் நின்று, சிக்கிய பூச்சி துடிப்பதுபோல் நூலை மீட்டும்; ஒரு தாளம் பயன்படாவிடில் வேறொன்றை முயலும்; பயன்பட்டதையே தொடரும். நேர்வழி இல்லாதவிடத்து, இரை கண்ணுக்கு மறையும் சுற்றுவழியாகச் சென்று மேலிருந்து இறங்கும். கடுகளவினும் சிறிய மூளையின் செயல் இது. அறிவின் படிகளைத் தொல்லோர் வகுத்தது உயிர்களை உற்று நோக்கியதன் பயன். அப்படிகளைக் காட்டி, கீழுள்ளவற்றை நோக்கவே மறுப்பது அவர் மரபிற்கு மாறானது.

இவ்விடத்துச் சிலந்தியின் சார்பில் வழக்காடுவோர் பலர் பயனை எடுத்துரைப்பர். உலகின் சிலந்திகள் ஆண்டொன்றில் உண்ணும் இரை 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இருக்கலாம் என 2017-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. செம்பனைத் தோட்டங்களின் வரலாறும் இவ்வழக்கிற்குத் துணைநிற்கும். 1950, 1960-ஆம் ஆண்டுகளில் கடும் பூச்சிமருந்துகள் தெளிக்கப்பட்டபோது, இலைகளைத் தின்னும் பைப்புழு அழியாது பெருகியது. புழுவைக் காட்டிலும் புழுவின் பகைவர்களையே மருந்து கூடுதலாகக் கொன்றது என்பது பின்னர் விளங்கிற்று. மருந்தை அடக்கிப் பயன்படுத்தியபின் இயற்கைப் பகைவர்கள் மீண்டு, புழு அடங்கியது. கண்ணுக்குத் தோன்றாத காவலரைக் கொன்றவன் கள்வனுக்கே துணைசெய்கிறான் என்பது அதனால் பெறப்பட்ட பாடம்.

ஆயினும், பயன் என்னும் தூண் இவ்வளவு பாரத்தையும் தாங்குமோ? சிலந்தி நன்மைப் பூச்சி, தீமைப் பூச்சி என்று பிரித்தறிந்து உண்பதில்லை. பூவிற்கு மகரந்தம் சேர்க்கும் தேனீயும் அதன் வலையில் சிக்கும். நாளை ஓர் ஆய்வாளர் கணக்கிட்டு, குறிப்பிட்டதோர் இனத்தால் பயனில்லை என்று நிறுவினால், அது வாழும் உரிமையை அன்றே இழந்துவிடுமோ?

பயனால் மட்டும் அளக்கப்படுதல் எத்தகையது என்பதைத் தோட்டத் தமிழருக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. செம்பனையின் பெண்பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் பணி ஒருகாலத்தில் தொழிலாளர் கைகளில் இருந்தது. ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொணரப்பட்ட சிறு கூன்வண்டு 1981-இல் தோட்டங்களில் விடப்பட்டதும், அக்கைகள் வேண்டாதவையாயின. வண்டின் பயன் உயர்ந்தது. கையின் பயன் தாழ்ந்தது. களைகொல்லி தெளித்தோருள் பெண்கள் பலர். பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சைப் பல்லாண்டுகள் முதுகில் சுமந்து திரிந்தனர். களையைக் கொன்ற கணக்கு ஏட்டில் ஏறிற்று. தோலும் நகமும் கண்ணும் பட்ட துன்பம் ஏறவில்லை. மலேசியாவில் அந்நஞ்சு முற்றிலும் தடைசெய்யப்பட்டது 2020 சனவரி முதல் நாளில்தான். தோட்டங்கள் கைமாறி வீட்டுமனைகளானபோது, தலைமுறை தலைமுறையாய் லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்ததும் இதே அளவுகோலின் விளைவே. நிலத்திற்கு உரியோர் கண்ணில் லயம் இடையூறாகத் தோன்றிற்று. அதில் பிறந்து வளர்ந்தோர்க்கு அது விதானம்.

மனிதரையும் சிலந்தியையும் ஒன்றாக வைத்தெண்ணுதல் முறையோ என்று சிலர் வினவலாம். ஒன்றாக வைத்தெண்ணுதல் வேறு. ஒரே அளவுகோலின் கொடுமையை இரு இடத்திலும் காணுதல் வேறு. எளியதோர் உயிரிடத்துப் பழகிய பார்வை, எளிய மனிதரிடத்தும் தானே சென்று பொருந்திக்கொள்ளும். பயனில்லாதது வாழத் தகாதது என்னும் கொள்கை எறும்புப் புற்றில் தொடங்கினும் அங்கேயே நின்றுவிடுவதில்லை.

அங்ஙனமாயின், எவ்வுயிரையும் தொடலாகாதோ? உழவன் பயிரைக் காத்தல் வேண்டும். இல்லத்தாள் வீட்டைத் தூய்மை செய்தல் வேண்டும். குழந்தையைக் கடிக்க வருவதை விலக்குதல் பெற்றோர் கடன். கொல்லாமை அதிகாரம் திருக்குறளில் துறவறவியலில் இடம்பெறுதலும் எண்ணத்தக்கது. இல்லறத்தார்க்கு அந்நோன்பு முழுமையாய்க் கைகூடாதெனினும், அவர்க்கும் ஓர் எல்லை உண்டு. தேவையால் விலக்குதல் ஒன்று. வெறுப்பால் அழித்தல் மற்றொன்று. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது அறிவு. மிகப் பெரும்பாலான சிலந்திகளின் நஞ்சு மனிதர்க்குக் கேடு செய்வதில்லை என்று அறிந்தவனுக்கு அச்சம் குறையும். அச்சம் குறைந்தவிடத்து ஓங்கிய கை தாழும்.

ஆதலின் இவ்வறம் உபதேசத்தால் வளர்வதினும் உற்றுநோக்குதலால் வளர்தல் மிகுதி. பள்ளி வேலியோரத்து வலையைக் கலைக்காமல் கால்மணி நேரம் நோக்கிய மாணவன், அச்சிலந்தி ஆரங்களை முதலில் இழுப்பதையும், பின்னர்ச் சுழல் இழையைப் பதிப்பதையும் கண்டிருப்பான். கண்டபின் அதனைக் கலைப்பது அவனுக்கு எளிதன்று. கலைக்கத்தான் வேண்டுமெனின், கலைப்பது இன்னதென்று அறிந்தே கலைப்பான்.

திருவானைக்கா யானைக்கு வலிமையும் இருந்தது, பத்தியும் இருந்தது. சிதைக்குமுன் சற்று நின்று, இது யாருடைய வேலைப்பாடு, எதன்பொருட்டு என்று கேட்கும் பொறுமை மட்டுமே இல்லாது போயிற்று. ஆறாவது அறிவு என்று மனிதன் பெருமை கொள்வது அப்பொறுமையையும் உள்ளிட்டதாயின், அப்பெருமை பொருந்தும்.