சாண் என்ன, முழம் என்ன?

நம்மிடையே வழங்கும் பழமொழிகளில் சில, கேட்கும்போது தைரியம் கொடுக்கும். யோசித்துப் பார்த்தால் பயம் கொடுக்கும். 'தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?' என்பது அவற்றில் ஒன்று. 'உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்கு அஞ்சலாமா?' என்பது இன்னொன்று. தோற்றுக்கொண்டிருக்கும் வழக்கை மேல்கோர்ட்டுக்குக் கொண்டு போகிறவர், நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதே என்பதற்காகப் பிடிக்காத சம்பந்தத்தை நடத்தி முடிக்கிறவர், நஷ்டக் கடைக்கு மனைவியின் வளையலையும் அடகு வைக்கிறவர் – எல்லோருக்கும் ஆறுதல் சொல்ல இந்தப் பழமொழிகள் தயாராக நிற்கின்றன.

நீந்தத் தெரிந்தவனைக் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் ஒரு சாண் வெள்ளமென்றால் காலை உந்தி எழும்பி மூச்சு வாங்கலாம். மூன்று முழமென்றால் சங்கதியே வேறு. சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் உயிர் இருக்கிறது என்பான் அவன்.

இந்தச் சிந்தனையை எனக்குள் கிளப்பிவிட்டது, அமெரிக்காவில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்தின் வரலாறு.

நியூயார்க் நகரத்துப் பிராட்வே, நாடகக் கொட்டகைகளின் ராஜபாட்டை. படக்கதைகளின் மூலம் உலகத்துப் பிள்ளைகளின் மனத்தைக் கொள்ளைகொண்ட ஸ்பைடர்மேன் என்ற சிலந்தி மனிதனின் கதையை, அங்கே இசை நாடகமாக்க முனைந்தார்கள். இசை அமைத்தவர்கள் யூ2 குழுவைச் சேர்ந்த போனோவும் எட்ஜும். இயக்கியவர் ஜூலி டேமார். 1997-இல் 'தி லயன் கிங்' நாடகத்தைப் பிராட்வேயில் அரங்கேற்றிப் பெரும் புகழ் பெற்ற அம்மையார். இந்த மூவரும் கைகோத்தால் தோல்விக்கு இடமேது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் தொடக்கத்திலேயே துக்கம் வந்தது. 2005-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வேளையில் தயாரிப்பாளர் டோனி ஆடம்ஸைப் பக்கவாதம் தாக்கியது. சில நாட்களில் அவர் இறந்து போனார். அவருடைய கூட்டாளி பொறுப்பை ஏற்றார். 2009 ஆகஸ்டில் கையிருப்பு வற்றி, வேலை அப்படியே நின்றுவிட்டது. பெரிய இசைக் கச்சேரிகளை நடத்திப் பேர் பெற்ற மைக்கேல் கோல் என்பவர் வந்து மேலும் பணம் திரட்டினார். 2010 பிப்ரவரியில் நடக்க வேண்டிய அரங்கேற்றம் தள்ளிப் போயிற்று. பிறகு மறுபடியும் தள்ளிப் போயிற்று. செலவு 7.5 கோடி டாலர் வரை ஏறியது. அதற்கு முன் எந்தப் பிராட்வே நாடகமும் இதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை.

2010 நவம்பர் 28-ஆம் தேதி முன்னோட்டக் காட்சிகள் தொடங்கின. நடிகர்கள் கம்பியில் தொங்கியபடி ரசிகர்களின் தலைக்கு மேல் பறக்க வேண்டும். முதல் நாளே யந்திரங்கள் மக்கர் செய்து, காட்சி பல தடவை நின்றது. டிசம்பர் 20-ஆம் தேதி இரவு, நடிகர் ஒருவரின் இடுப்புக் கவசத்தோடு இணைந்த பாதுகாப்புக் கயிறு மேடையோடு சேர்த்துக் கட்டப்படவில்லை. இருபது அடிக்கு மேலான உயரத்திலிருந்து அவர் விழுந்தார். விலா எலும்புகள் முறிந்தன, முதுகெலும்பும் முறிந்தது. சில நாட்களிலேயே திரை மீண்டும் உயர்ந்தது. காயம்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பின்னால் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு இலாகா விசாரித்து, 12,600 டாலர் அபராதம் கட்ட வேண்டுமென்று நோட்டீஸ் அனுப்பியது.

7.5 கோடியையும் 12,600-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தேன். அதற்கு மேல் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

திறப்பு நாள் மேலும் மேலும் தள்ளிப் போனதால் பத்திரிகை விமர்சகர்கள் பொறுமை இழந்தார்கள். 2011 பிப்ரவரியில், அரங்கேறாத நாடகத்துக்கே விமர்சனம் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் கடுமையான விமர்சனம். மார்ச்சில் இயக்குநர் விலகினார். மூன்று வாரங்களுக்கு மேல் கொட்டகையை மூடிக் கதையைத் திருத்தி அமைத்தார்கள். 182 முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிறகு, ஜூன் 14-ஆம் தேதி முறையான அரங்கேற்றம் நடந்தது. கூட்டமும் வந்தது. 2011-இன் கடைசி வாரத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூலாயிற்று. அதுவரை பிராட்வே காணாத ஒரு வார வசூல். ஆனாலும் வாரச் செலவே 10 லட்சம் டாலருக்கு மேல் என்றால் போட்ட முதல் எப்போது திரும்பும்? 2014 ஜனவரி 4-ஆம் தேதி நாடகம் நின்றது. நஷ்டம் ஏறக்குறைய 6 கோடி டாலர் என்றார்கள்.

கதை இவ்வளவுதான். இதைப் படித்தவுடன் 'பேராசைக்காரர்கள், நன்றாக வேண்டும்!' என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இதே நாடகம் லாபம் சம்பாதித்திருந்தால், இதே மனிதர்களை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்போம். ஜெயித்தால் விடாமுயற்சி, தோற்றால் பிடிவாதம் என்பது நியாயமல்ல. அது வெறும் கல்லாப்பெட்டித் தீர்ப்பு. பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா? அதுதான் கேள்வி.

வழி உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. தொடர்ந்து செய்கிறவனை 'ஏன் தொடர்கிறாய்?' என்று கேட்க வேண்டும். 'இந்த வேலை செய்யத் தகுந்தது' என்று அவன் சொன்னால், அது விடாமுயற்சி. 'இதுவரை இவ்வளவு போட்டுவிட்டேனே' என்று சொன்னால், அது வேறு. முதல் பதில் முன்னால் இருப்பதைப் பார்க்கிறது. இரண்டாவது பதில் பின்னால் போனதையே பார்க்கிறது. செலவழிந்த பணம் இறந்துபோன பணம். அதற்குத் திதி கொடுக்கலாம். அதனிடம் யோசனை கேட்கலாகாது.

எண்ணித் துணிய வேண்டும், துணிந்தபின் எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்பது வள்ளுவர் வாக்கு. எண்ணாமல் இறங்காதே என்றுதான் அந்தப் பெரியவர் எச்சரித்தார். நாமோ நம் வசதிக்கு, 'இறங்கியபின் எண்ணாதே' என்று அதைப் புரட்டிக்கொண்டோம்!

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முதல் கேள்வியைவிட அதுவே முக்கியமானது. தொடர்வதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

நாவல் எழுதுகிறவன் இருநூறு பக்கம் எழுதிவிட்டு, கதை தடம் மாறியதை உணர்ந்தும் மேலே எழுதலாம். வீணாவது அவன் காகிதம், அவன் தூக்கம். பிடிவாதம் பிடிக்க அவனுக்கு உரிமை உண்டு. அவனுடைய அத்தியாயம் சரிந்து விழுந்தால் யாருடைய விலா எலும்பும் முறிவதில்லை. நாடகம் அப்படியா? உயரத்தில் தொங்குகிறவன் ஒருவன்; கீழே நின்று 'தொடரட்டும்' என்று உத்தரவிடுகிறவன் வேறொருவன். சொந்தத் தலையை உரலில் கொடுத்தவன் உலக்கைக்கு அஞ்சாமலிருப்பது வீரம். உரலில் இருப்பது அடுத்தவன் தலை என்றால், ஒவ்வொரு குத்துக்கு முன்பும் உலக்கையை நிறுத்தி யோசிப்பதே வீரம்.

இந்த நோக்கில் பார்த்தால் எல்லோரும் கேலி செய்த அந்தத் தாமதங்களைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. தாமதம் குற்றமல்ல. 'இன்னும் தயாராகவில்லை' என்று சொல்வதற்கு நேர்மை வேண்டும். குற்றம் எங்கே என்றால், திறப்பு விழாவைத் தள்ளிவைத்தவர்கள் டிக்கெட் விற்பனையைத் தள்ளிவைக்கவில்லை. முழுமை பெறாத நாடகம் என்று தாங்களே ஒப்புக்கொண்டதை முழு விலைக்கு விற்றார்கள். 2011 வசந்தத்தில் கொட்டகையை மூடிக் குறைகளைத் திருத்தினார்களே, அந்த மூன்று வாரங்கள்தான் இந்த வரலாற்றில் மிகக் கௌரவமானவை என்பேன். அந்த நிறுத்தம் ஒருவன் விழுவதற்கு முன்பே வந்திருக்கலாம்.

'நிறுத்தியிருந்தால் நூற்றுக்கணக்கானவர்களின் பிழைப்பு என்னவாகியிருக்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விழுந்த அந்த நடிகரே உடல் தேறி, அடுத்த ஆண்டே அதே நாடகத்துக்குத் திரும்பி வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளில், அண்ணாந்து பார்த்த குழந்தைகளின் கண்கள் விரிந்திருக்கும். இவற்றையெல்லாம் நான் தராசில் வைக்க மறுக்கவில்லை. கலைஞனின் துணிவும் தொழிலாளியின் சோறும் கனமான பொருள்கள்தாம். ஏற்கெனவே ஆற்றோடு போன காசை மட்டும் அந்தத் தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன்.

நம் வீடுகளில் கோடி டாலர் இல்லை. ஆனால் பாதியில் நிற்கும் காரியங்கள் இல்லாத வீடு எது? அவற்றின் முன் நின்று, 'இதுவரை ஒரு காசும் போடாதவனாக இன்று நான் இங்கே வந்திருந்தால், இதைத் தொடங்குவேனா? தொடங்கினால் அதன் பாரம் யார் தோளில் விழும்?' என்று கேட்டுப் பார்க்கலாம். தொடர வேண்டும் என்றே பதில் வந்தாலும் வரட்டும். அப்போது நாம் தெரிந்து தொடர்கிறவர்களாவோம். வெள்ளம் சாணா முழமா என்று அளந்து பார்த்த பிறகே நீந்துவோம்.