இளமையில் நோயும் நோன்பும்



சர்க்கரை வியாதி முதியோருக்கு மட்டும் வருவதன்று. இளமையிலேயே வந்து, ஆயுள் முழுதும் அன்றாடம் இன்ஸுலின் ஊசியோடு வாழும் பிள்ளைகளும் உண்டு. 1922-ல் அம்மருந்தை மனிதருக்குச் செலுத்தத் தொடங்கும் முன் இத்தகையோர் நெடுநாள் பிழைத்ததில்லை.

ரமளான் பகலில் அப்பிள்ளை உண்டால், "இந்த வயதில் நோன்பில்லையா?" என்று குத்திப் பேசுகிறோம். வெட்கத்தால் நோயை மறைத்து நோன்பு வைக்கிறான். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். உடனிருந்தோர் கூடாதென்றனர். குளித்தார், மவுத்தானார். நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் இவர்களே என்று கடிந்தார்கள். அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றார்கள். ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

ஆகவே தேர்ந்த மருத்துவரைக் கேளுங்கள். நோற்கலாமென்றால் நோற்கட்டும். தீங்கென்றால் விடுவதே மார்க்கம். பின்னர் இயலுமாயின் களாச் செய்யட்டும்; குணமாகும் நம்பிக்கையற்று, என்றுமே இயலாதெனில், நோன்பொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா.

சலுகை தந்தவன் அல்லாஹ். அதைப் பறிக்க நாம் யார்? அப்பிள்ளையை ஒளிந்து உண்ண வைக்காதீர்கள். இஃப்தாரில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.