அபயம் தரும் வகுப்பறை

ஆசிரியர்களுக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி சில காலத்துக்கு முன் எனக்கு அளிக்கப்பட்டது. பெருந்துன்பத்துக்கு ஆளான குழந்தைகளை வகுப்பறையில் எவ்வாறு நடத்துவது என்பது அதன் பொருள். முதல் பக்கத்திலேயே இரண்டு சொற்கள் என் எழுதுகோலை நிறுத்திவிட்டன.

முதற்சொல் 'ட்ராமா'. கிரேக்க மொழியில் காயம் என்று பொருள்படும் சொல் இது. அதை அப்படியே தமிழில் எழுதினால் படிப்பவர் 'நாடகம்' என்று எடுத்துக்கொள்வார். 'அதிர்ச்சி' என்று எழுதினால், கணப்பொழுதில் வந்து மறைவது போன்ற தோற்றம் உண்டாகிறது. முடிவில் 'மனக்காயம்' என்று எழுதினேன்.

இரண்டாவது சொல் 'சேஃப்'. 'பாதுகாப்பான வகுப்பறை' என்று எழுதியபோது சுற்றுச்சுவரும், பூட்டிய வாயிலும், தீயணைப்புக் கருவியும்தான் கண்முன் வந்தன. அவை தேவையே. ஆனால் அந்தக் கையேடு கூற வந்தது வேறு. ஓர் உயிர் மற்றோர் உயிரிடமிருந்து பெறும் அச்சமின்மையைப் பற்றி அது பேசியது. அதற்கு நம் மரபில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அபயம்.

இந்த இரு சொற்களோடும் போராடிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு சிறுவன் நினைவுக்கு வந்தான். எங்கள் ஆசிரியர் அமைதியை வரவழைக்க மேசைமீது பிரம்பை ஓங்கி அடிப்பார். அந்த ஓசை எழும்போதெல்லாம் இவன் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிடுவான். நாங்கள் சிரிப்போம். "என்னடா, நாடகம் ஆடுகிறாயா?" என்று ஆசிரியர் கேட்பார். அவனிடமிருந்து பதில் வராது. பதில் சொல்லாத குற்றத்துக்காகப் பெஞ்சின்மேல் ஏறி நிற்பான். அவன் வீட்டில் ஒவ்வோர் இரவும் என்ன நடந்தது என்பதைத் தெருவே அறிந்திருந்தது. எங்கள் வகுப்பறை மட்டும் அறியவில்லை. அரையாண்டு விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அந்த ஆசிரியர் கொடியவர் அல்லர். நாங்களும் தீய பிள்ளைகள் அல்லோம். தீய எண்ணம் எவரிடமும் இல்லாத ஓர் இடத்தில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தது எவ்வாறு? இந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

காயம் எங்கே இருக்கிறது?

2001 ஜனவரி 26 அன்று காலை 8.46 மணியளவில் குஜராத்தின் கட்ச் பகுதி நடுங்கியது. அன்று குடியரசு தினம். அஞ்சார் நகரின் குறுகலான தெரு ஒன்றில் கொடிகளோடு ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்த பள்ளிக் குழந்தைகள்மீது இருபுறக் கட்டடங்களும் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் மாண்டனர். அவர்களுக்கான நினைவகம் அங்கே 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

2024 ஜூலை 30 அன்று அதிகாலை, கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை நிலச்சரிவு அழித்தது. வெள்ளார்மலை அரசுப் பள்ளி சிதைந்தது. அவ்வூர்களின் குழந்தைகளுக்குச் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மேப்பாடியில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. தோழர்களை இழந்த பிள்ளைகளும், தாம் கற்பித்த பிள்ளைகளை இழந்த ஆசிரியர்களும் ஒரே வகுப்பறையில் எதிரெதிரே அமர்ந்தனர்.

இத்தகைய பேரிடர்களை நாடே அறிகிறது, உதவிக்கரம் நீள்கிறது. ஆனால் செய்தியில் வராத நிலநடுக்கங்களும் உண்டு. 2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. மூவரில் இருவர் அடி உதைக்கு ஆளானவர்கள் என்று அது காட்டியது. பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியிலேயே உடல்தண்டனை பெற்றிருந்தனர். காயத்தை ஆற்ற வேண்டிய இடமே காயம் தரும் இடமாக இருந்திருக்கிறது.

இக்காயம் நினைவில் மட்டும் தங்குவதில்லை, உடலிலும் தங்குகிறது. ஆபத்து வரும்போது மூளையின் ஆழத்திலுள்ள அச்சமையம் நொடிப்பொழுதில் விழித்துக்கொள்கிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்த்துப் போரிடு, ஓடிவிடு, அல்லது உறைந்து நில் என்று உடல் ஆணையிடுகிறது. அவ்வேளையில் ஆராய்ந்து அறியும் நெற்றிப்புற மூளை பின்வாங்குகிறது. ஆபத்து நீங்கினால் எல்லாம் தணிய வேண்டும். நீண்ட நாள் துன்பத்துக்கோ பேரதிர்ச்சிக்கோ ஆளான குழந்தையிடம் இந்த எச்சரிக்கை மணி எளிதில் அடங்குவதில்லை. சிறு தூண்டுதலிலும் ஒலிக்கத் தொடங்குகிறது. நாம் 'முரடு' என்று அழைப்பது போரிடும் நிலையாக இருக்கலாம். 'பள்ளிக்கு மட்டம் போடுகிறான்' என்பது ஓடும் நிலையாகலாம். 'மண்டையில் ஏறவில்லை' என்பது உறைந்த நிலையாகலாம். என் பள்ளித் தோழன் உறைந்திருந்தான். நாங்கள் அதைத் திமிர் என்று படித்தோம்.

கயிறும் பாம்பும்

வேதாந்தம் பயில்வோர் அனைவரும் அறிந்த உவமை ஒன்று உண்டு. மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று கண்டு ஒருவன் நடுங்குகிறான். விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு கயிறாகத் தெரிகிறது, அச்சம் அகல்கிறது.

மனக்காயமுற்ற குழந்தையின் நிலையும் இதைப் போன்றதே எனலாம். மேசைமீது விழும் பிரம்பு, வலுக்கும் மழை, பின்னாலிருந்து தோளில் படும் கை எல்லாம் அதற்குப் பாம்புகள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உவமையில் வரும் மனிதனைப் பாம்பு கடித்ததில்லை. இந்தக் குழந்தையை உண்மையாகவே ஒருமுறை கடித்திருக்கிறது. எனவே அதன் அச்சம் வெறும் மயக்கம் அன்று. பிழைத்திருப்பதற்காக அது விலை கொடுத்துக் கற்ற பாடம். அந்தப் பாடம் இப்போது பொருந்தாத இடத்திலும் ஓதப்படுகிறது என்பதே சிக்கல்.

இங்கே நாம் வழக்கமாகச் செய்யும் பிழை, "இது கயிறுதான், பயப்படாதே" என்று சொல்லி நகர்ந்துவிடுவது. இருட்டில் நிற்பவனுக்குச் சொல் போதாது, விளக்கு வேண்டும். அந்தச் சொல்லையே அதட்டலாகச் சொன்னால் இன்னொரு பாம்பைக் காட்டியவர்களாகிறோம். இக்குழந்தைக்கு விளக்கு எது? திரும்பத் திரும்பக் கிடைக்கும் அனுபவம். நேற்று அடி விழவில்லை, இன்றும் விழவில்லை, தவறு செய்த அன்றும் விழவில்லை. இப்படி நாள்தோறும் சேரும் சிறுவெளிச்சத்தில்தான் கயிறு மெல்லக் கயிறாகிறது.

எழும் ஐயங்கள்

'இப்படியெல்லாம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? அடியாத மாடு படியாது என்பார்களே!' என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அச்சம் எதையும் கற்பிக்காது என்று நான் கூறவில்லை. அச்சமும் ஓர் ஆசிரியனே. ஆனால் தப்புவது எப்படி என்ற ஒரே பாடத்தைத்தான் அதனால் கற்பிக்க முடியும். மறைப்பதும், பொய் சொல்வதும், வலியவன்முன் குனிந்து எளியவன்மேல் பாய்வதும் அப்பாடத்தின் பிரிவுகள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல்தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. சட்டம் கையைத் தடுக்கலாம். நாவையும் முகத்தையும் ஆசிரியரின் மனசாட்சியே காக்க வேண்டும்.

'அப்படியானால் இக்குழந்தையிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாதா?' என்பது இரண்டாவது ஐயம். எதிர்பார்க்க வேண்டும். இரக்கத்தால் பாடத்தைக் குறைத்து, "பாவம், இவனால் இவ்வளவுதான்" என்று விட்டுவிடுவதும் ஒருவகை அவமதிப்பே. முடம்பட்ட காலுக்கு ஊன்றுகோல் கொடுப்பது, நடக்கவே வேண்டாம் என்று சொல்வதற்காக அன்று. இலக்கு மற்றவர்க்கு உள்ளதே. அடைய ஆகும் காலமும் வழியும் மாறலாம்.

'நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவனுக்காக மற்றவர்களைப் புறக்கணிப்பது நீதியா?' என்பது மூன்றாவது, இதுவே கடினமானது. ஆனால் யார் காயமுற்றவர் என்று தேடிப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. விடுதியில் அனைவருக்கும் காய்ச்சிய நீரையே வைக்கிறோம். எவனுக்கு வயிறு மென்மையானது என்று கேட்பதில்லை. அதுபோல், அஞ்சிய குழந்தைக்குத் தேவையான ஒழுங்கும் மென்மையும் அஞ்சாத குழந்தைக்கும் நன்மையே செய்கின்றன. இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தக் குழந்தையும் தன் துயரத்தைக் கட்டணமாகச் செலுத்தி நம் அன்பைப் பெற வேண்டியிராது. "உனக்கு என்ன நேர்ந்தது? சொல்" என்று துருவிக் கேட்பது ஆசிரியரின் உரிமை அன்று. சொல்ல விரும்பினால் கேட்க ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையே குழந்தைக்குப் போதும்.

அபயம் ஒரு விரதம்

துறவு ஏற்கும்போது, 'என்னால் எவ்வுயிருக்கும் அச்சம் நேராதிருக்கட்டும்' என்ற கருத்தில் உறுதி எடுப்பது இந்நாட்டின் தொன்மையான மரபு. அதை அபயதானம் என்பர். பல ஆண்டுகளாக இதை உயர்ந்ததோர் உணர்ச்சி என்றே எண்ணியிருந்தேன். அந்தக் கையேட்டை மொழிபெயர்த்தபோதுதான் அது உணர்ச்சி அன்று, விரதம் என்பது விளங்கிற்று. உணர்ச்சி வந்து போகும். விரதம் மனம் சோர்ந்த நாளிலும் நிற்க வேண்டும். காயமுற்ற குழந்தைக்குத் தேவைப்படுவது ஆசிரியரின் பேரன்பைவிட, நேற்றிருந்தவரே இன்றும் இருக்கிறார் என்னும் உறுதி. ஒரு நாள் கொஞ்சி, மறுநாள் சீறுபவரிடம் அக்குழந்தை எந்நேரமும் முகக்குறி பார்த்துக்கொண்டே இருக்கும். பாடத்தைப் பார்க்க அதற்கு ஓய்வேது?

இவ்விரதம் சிறுசிறு செயல்களால் ஆனது. இன்று என்ன நடக்கப்போகிறது என்பதைக் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவைப்பது. மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்வது. தீயணைப்பு ஒத்திகைக்கு மணி அடிக்கும் முன் அறிவிப்பது. பின்புறமிருந்து தொடாமல் முன்னால் வந்து பெயர் சொல்லி அழைப்பது. தவறைத் தனியே கண்டிப்பது. வாயிலைப் பார்த்து அமர விரும்பும் குழந்தைக்கு அந்த இடத்தைத் தருவது. எழுந்து படிக்கிறாயா, அமர்ந்தே படிக்கிறாயா என்று ஒரு சிறு தேர்வையாவது அதன் கையில் விடுவது. எல்லாம் கைமீறிப் போனதைக் கண்ட குழந்தைக்கு, தன் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது பெரிய மருந்து.

ஆசிரியரும் மனிதரே, சினம் வரும், குரல் உயரும். அப்போது "நான் கத்தியது தவறு" என்று வகுப்பின் முன் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் தம் தவறை ஒப்புக்கொண்டதை அக்குழந்தை அதுவரை பார்த்திராமலே இருக்கலாம்.

வாக்குறுதியின் எல்லை

இவ்விரதத்துக்கும் சத்தியத்துக்கும் இடையே ஒரு சோதனை வரும். ஒரு நாள் அக்குழந்தை அருகில் வந்து, "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லுங்கள், ஒன்று சொல்கிறேன்" என்னும். உருகிய உள்ளம் உடனே வாக்களிக்கத் துடிக்கும். ஆயினும் அவ்வாக்கைத் தரக் கூடாது. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது; மறைப்பது குற்றம். சட்டத்தையும் விட, இன்று தந்து நாளை மீறப்படும் வாக்கு அக்குழந்தையின் கடைசி நம்பிக்கையையும் உடைத்துவிடும். "உன்னைக் காப்பதற்குத் தேவையானவரிடம் மட்டும் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் தெரிவிப்பேன்" என்பதே உண்மையான வாக்கு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் மனநல மருத்துவரும் இருப்பது இதற்காகவே. ஆசிரியர் மருத்துவர் அல்லர். தம் எல்லையை அறிந்து உரியவரிடம் ஒப்படைப்பதும் அபயதானத்தின் பகுதியே.

முடிவாக

தீய எண்ணம் எவரிடமும் இல்லாத வகுப்பில் தீங்கு எவ்வாறு நேர்ந்தது என்று தொடக்கத்தில் கேட்டோம். நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நாங்கள் அனைவரும் எண்ணியிருந்ததால் நேர்ந்தது. நல்லெண்ணம் நமக்குள் இருப்பது. அபயம் மற்றவரைச் சென்று சேர வேண்டியது. அது சேர்ந்ததா என்பதைக் கூற வேண்டியவர் நாம் அல்லர், எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையே.

என் பள்ளித் தோழன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அறியேன். அவனுக்குப் பெஞ்சில் என்னைவிட அருகில் இருந்தவர் எவருமில்லை, நானும் சிரித்தேன். இனி அவனுக்கென்று நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு இந்நாட்டின் எத்தனையோ வகுப்புகளில் ஓர் ஓசைக்காக அஞ்சித் தலை குனியப்போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் அன்பர்களில் ஆசிரியர் எவரேனும் இருந்தால், நாளை அந்தப் பிரம்பை மேசைமீது வைக்காமல் வகுப்புக்குச் செல்லுங்கள். அமைதி வரும்வரை சற்றுப் பொறுத்து நில்லுங்கள். முதல் நாள் கூச்சல் அதிகமாகவே இருக்கும். மறுநாளும் அவ்வாறே பொறுத்து நில்லுங்கள்.