தொட்டிக்குள் ஆலமரம்: வெட்டுகிறவனின் கடமை



வானளாவ வளரக்கூடிய ஆலமரத்தை ஒரு முழ உயரத்தில் நிறுத்தி, கிளையைக் கம்பியால் வளைத்து, வேரை நறுக்கி, சாப்பாட்டுத் தட்டின் அகலமுள்ள தொட்டியில் வைத்து வளர்ப்பது நியாயமா? இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட வேண்டாம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் தோட்டத்தோடு இருந்த வீடுகள் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. தரையில் மரம் நட இடமில்லாதவர்கள் பால்கனியில் தொட்டி வைக்கிறார்கள். நர்சரிகளில் 'போன்சாய்' என்ற பெயரில் குறுமரங்கள் விலைக்கு நிற்கின்றன. அவற்றைக் கண்டு சிலர், "என்ன அழகு!" என்கிறார்கள். வேறு சிலர், "ஐயோ பாவம், வாயில்லாத ஜீவனை இப்படிச் செய்யலாமா?" என்கிறார்கள். இரு சாராரும் நல்லவர்களே. யார் சொல்வது சரி என்று நாம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம். யோசிக்க யோசிக்க, விஷயம் மரத்தோடு நில்லாமல் நம் வீட்டுக்குள்ளும் வரும்.

தீர்ப்புச் சொல்லுமுன் நடப்பதை அறிந்துகொள்ள வேண்டும். போன்சாய் என்பது ஜப்பானியச் சொல்; தட்டுத் தொட்டியில் நட்டது என்று அதற்குப் பொருள். ஜப்பானியர் இக்கலையைச் சீனரிடமிருந்து பெற்றார்கள். சீனாவில் கி.பி. 706ஆம் ஆண்டில் அமைந்த ஓர் இளவரசரின் கல்லறைச் சுவரில், சிறு செடியும் கற்களும் வைத்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளின் சித்திரம் இருக்கிறது. ஆகவே, இது நேற்று முளைத்த மோகம் அன்று.

நம் ஊர் வெயிலுக்கு ஏற்றவை ஆல், அரசு, இச்சி முதலிய பால்மரங்கள். புளியும் காகிதப்பூச் செடியும் இதற்கு உதவும். பழகியவர்கள் நர்சரிக்குப் போனால் இலையின் பசுமையைக் கண்டு மயங்குவதில்லை. மேல்மண்ணை விரலால் விலக்கி, அடித்தண்டிலிருந்து வேர் நாற்புறமும் பரவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடி பருத்து, நுனி சிறுத்து, தாழ்வாகவே கிளைவிட்ட மரமே அவர்களுக்கு வேண்டும். அதை வாங்கி வந்த அன்றே வெட்டுவதும் இல்லை. சில நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எது முகம், எது முதுகு, எந்தக் கிளை நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். வெட்டிய கிளையைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா?

அதன்பின்தான் கவாத்து. மரத்தின் உச்சித் தளிர் 'ஆக்சின்' என்னும் வளர்ச்சிச் சத்தைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. உச்சியைக் கிள்ளிவிட்டால், உறங்கிய கணுமொட்டுகள் விழித்துக் கிளைவிடுகின்றன. இவ்வாறு நெட்டையாக ஓடும் மரம் அடர்த்தியாகிறது. வளைக்க வேண்டிய கிளையில் அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றி, கை நடுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறார்கள். சில மாதங்களில் கிளை அந்த வளைவிலேயே உறைந்துவிடும். அப்போது கம்பியை எடுத்தாக வேண்டும். மறந்தால் கிளை பருத்துக் கம்பி பட்டைக்குள் புதைந்து, நெடுங்காலம் மாறாத தழும்பு விழும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்து, தடித்த வேரைக் குறைத்து, சல்லிவேரைக் காத்து, புது மண்ணில் வைக்கிறார்கள். கத்திரி வெயிலில் வேரையும் கிளையையும் ஒருசேர வெட்டினால் மரம் தாங்காது. இவையே அக்கலையின் சாரம்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம்.

முதலாவது: மரத்துக்கு வலிக்காதா? வங்காள விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், 1901ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில், செடிகளும் தூண்டுதலுக்கு எதிர்வினை காட்டுகின்றன என்று கருவி வைத்து நிரூபித்துக் காட்டினார். அது உண்மையே. ஆயினும் எதிர்வினை வேறு, வலி வேறு. வலியை உணர நரம்பும் மூளையும் வேண்டும். மரத்துக்கு அவை இல்லை. அரிஸ்டாட்டில் உயிர்களைப் படிப்படியாகப் பிரித்தார். உண்டு வளர்ந்து இனம் பெருக்குவது செடியின் உயிர். அதோடு உணர்ச்சியும் உள்ளது விலங்கின் உயிர். இவ்விரண்டோடு பகுத்தறிவும் உள்ளது மனித உயிர். அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் இதைப் பின்பற்றி, செடிகொடிகள் பிற உயிர்களின் உபயோகத்துக்காக இருப்பவை என்று போதித்தார். முருங்கைக் கிளையை ஒடித்துக் கறி சமைப்பவள் கொடுமைக்காரி அல்லவே. அப்படியே, கவாத்துச் செய்பவனும் கொடுமைக்காரன் அல்லன்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. "வலி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆலமரம் ஓங்கி வளர்வதற்காக உண்டானது. அதைக் குறுக்குவது அதன் இயல்புக்கு விரோதம் அல்லவா?" என்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போன்சாய் மரத்தின் இயல்பு மாறுவதே இல்லை. அது குட்டை ஜாதி அன்று. அதன் விதையை எடுத்துத் தரையில் ஊன்றினால் மற்ற மரங்களைப் போலவே ஓங்கி வளரும். அந்த மரத்தையே தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றினாலும் தன் வளர்ச்சியைத் தொடரும். இயற்கையே இவ்வேலையைச் செய்வதும் உண்டு. பறவை எச்சத்தில் விழுந்த ஆலவிதை, பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவரிலும் மதகின் விரிசலிலும் முளைத்து, மண்ணில்லாமையால் ஆண்டுக்கணக்கில் ஒரு முழம் அளவிலேயே நிற்பதை நாம் எங்கும் காண்கிறோமே!

மேலும், நன்றாகப் பேணப்படும் குறுமரம் நீண்ட ஆயுளும் அடைகிறது. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து யமாகி குடும்பத்தார் ஒரு பைன் மரத்தைத் தலைமுறை தலைமுறையாய் வளர்த்தார்கள். அது 1625ஆம் ஆண்டிலிருந்து தொட்டியில் பேணப்பட்டு வரும் மரம். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அணுகுண்டு விழுந்தபோது, சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மதிலின் மறைவில் நின்று அது பிழைத்தது. 1976இல் ஜப்பானியர் அமெரிக்காவுக்குக் குறுமரங்களை நன்கொடையாகக் கொடுத்தபோது மசாரு யமாகி இதையும் கொடுத்தார். அது அணுகுண்டுக்குத் தப்பிய மரம் என்பது, 2001இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து சொன்ன பிறகே அங்குள்ளோருக்குத் தெரிந்தது. குண்டு போட்ட தேசத்துக்கே அதைக் கொடுத்தார்கள். கொடுத்தபோது அதைச் சொல்லிக் காட்டவுமில்லை. இத்தகைய மரத்தை அவமானப்படுத்தப்பட்ட மரம் என்று யார் சொல்லத் துணிவார்?

ஆகவே, குறுமரம் வளர்ப்பது தன்னிலே தவறன்று என்பது தெளிவு. ஆனால் இதோடு முடித்துவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம்.

அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அதன் வயது ஏறக்குறைய 450 ஆண்டு என்கிறார்கள். 1989ஆம் ஆண்டு அடித்த புயற்காற்றில் அதன் நடுத்தண்டு சாய்ந்து போயிற்று. தாய்த்தண்டு போயும் மரம் போகவில்லை. ஏனெனில் அதன் விழுதுகள் முன்னமே தரையைத் தொட்டு, வேர்பிடித்து, தூண்களாய் நின்றுவிட்டன. யமாகி குடும்பத்துப் பைன் மரமோ ஏறக்குறைய 400 ஆண்டு வாழ்ந்திருக்கிறது; அந்த 400 ஆண்டும் யாரோ ஒருவர் அதற்குத் தண்ணீர் வார்த்திருக்கிறார். நம் சித்திரை வெயிலில் குறுமரத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். சொந்தக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது சருகுதான் மிஞ்சும்.

இரண்டுக்கும் உள்ள பேதம் உயரத்தில் அல்ல, இங்கேதான். தரையிலுள்ள மரம் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்கிறது. தொட்டியிலுள்ள மரம் நம் கையை நம்பி இருக்கிறது. அதன் வேரைக் குறைத்தவர்கள் நாமே. ஆகையால் அந்த வேர் செய்யவேண்டிய வேலை நம் தலைமேல் வந்துவிட்டது. இதிலிருந்து ஒரு நியதி பிறக்கிறது: பிற உயிரின் சுயபலத்தைக் குறைக்கிறவன், குறைத்த அளவுக்கு அதன் பாரத்தைத் தான் சுமக்கக் கடமைப்பட்டவன். அழகை அனுபவித்துவிட்டுப் பாரத்தை விட்டுவிட உரிமை இல்லை. மோகத்தில் வாங்கி, இரண்டு மாதம் போற்றி, மூன்றாம் மாதம் மொட்டைமாடி மூலையில் காயவிடுகிறவர் குற்றமற்றவர் அல்லர்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் கவாத்துச் செய்கிறவர்கள்தாம். "இங்கே போகாதே, இதைப் பேசாதே, இந்நேரத்துக்குப் படி" என்பதெல்லாம் கத்தரிக்கோலும் கம்பியும் அன்றி வேறென்ன? "அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. நர்சரியில் பிளாஸ்டிக் பையிலேயே அதிக காலம் கிடந்த கன்றின் வேரைப் பார்த்திருக்கிறீர்களா? பைக்குள்ளேயே வட்டமிட்டு வட்டமிட்டுச் சுருண்டிருக்கும். அதைப் பிரித்து நறுக்காமல் அப்படியே நட்டால், தடித்துவரும் வேர் நாளடைவில் தன் தண்டையே நெரிக்கக் கூடும். வெட்டாமல் விடுவதெல்லாம் சுதந்திரம் ஆகிவிடாது. அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் திராட்சைக் கொடியைப் பற்றிச் சொல்லும்போது, கனி தரும் கிளைக்கும் கத்தரிப்பு உண்டு என்கிறார். ஆனால் அங்கே கத்தரிப்பது கொடி சிறிதாக இருக்கவேண்டும் என்பதற்காக அன்று. மிகுந்த கனி தரவேண்டும் என்பதற்காக.

ஆகவே, கேள்வி வெட்டலாமா என்பதன்று. எதற்காக, எவ்வளவு காலம் என்பதே. மூன்று சோதனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: இது யாருக்காக? குறுமரத்தை வளைப்பது பார்ப்பவர் கண்ணுக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. மரத்தின் விஷயத்தில் அது ஆகுமானதே. மனிதப் பிள்ளை மற்றவர் கண்ணுக்காக உண்டானவன் அல்லன். மகன் மருத்துவம் படிக்கவேண்டும் என்று நெருக்கும் தந்தை, அது மகனுடைய திறமைக்காகவா, உறவினர் நடுவில் சொல்லிக்கொள்ளவா என்று தனிமையில் தன்னையே கேட்கட்டும். பதில் அவருக்கே தெரியும்.

இரண்டு: கம்பியை எடுக்கும் காலம் தெரியுமா? ஏழு வயதில் தேவைப்பட்ட கண்டிப்பு பதினேழு வயதில் தழும்பாகிறது. கம்பி கெட்டதன்று, உரிய காலத்தில் எடுக்கப்படாத கம்பியே கெட்டது. முப்பது வயது மகன் சட்டை வாங்கவும் தாயின் முகத்தைப் பார்த்து நிற்பானாயின், அதைக் கீழ்ப்படிதல் என்று மெச்ச வேண்டாம். பட்டைக்குள் கம்பி புதைந்திருக்கிறது.

மூன்று: நான் இல்லாத நாளில் இது நிற்குமா? மூன்றிலும் பெரிய சோதனை இதுவே. கல்லூரிக்குப் போகத் தமையன் துணை, பணம் எடுக்கத் தகப்பன் துணை, பிறகு எல்லாவற்றுக்கும் கணவன் துணை என்று அருமையாக வளர்க்கப்பட்ட பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அன்புக்குக் குறைவில்லை; தண்ணீர் தவறாமல் வார்க்கப்பட்டது. ஒருநாள் கணவன் கண்மூடினான். எந்த வங்கியில் கணக்கு, எங்கே பத்திரம், யாரிடம் கடன் என்று ஒன்றும் தெரியாமல் ஐம்பது வயதில் அவள் திகைத்து நிற்கிறாள். அவளை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. தரையில் நடவில்லை, அவ்வளவுதான். "நான் இருக்கும்வரை உனக்கென்ன கவலை?" என்ற சொல் அன்பாகத்தான் ஒலிக்கிறது. நீர் என்றைக்கும் இருக்கப்போவதில்லை என்பதை அச்சொல் மறந்துவிடுகிறது.

மரத்துக்கு நாம் காலமெல்லாம் தண்ணீர் வார்க்கலாம். நமக்குப் பின் மற்றொருவர் கையில் தொட்டியைக் கொடுக்கலாம். மனிதரை அப்படிக் கைமாற்ற முடியாது. பகுத்தறிவும் சுயேச்சையும் உள்ள உயிருக்குச் செய்யும் கவாத்து, என்றோ ஒருநாள் கவாத்துக்காரன் வேண்டாமற்போகும்படி இருக்கவேண்டும். அடையாற்று ஆலமரத்தின் தாய்த்தண்டு, தான் நிற்கும் காலத்திலேயே விழுதுகளைத் தரைதொட விட்டிருந்தது. அதனாலேயே அதன் வீழ்ச்சி மரத்தின் முடிவாகவில்லை.

கடைசியாக, குறுமரம் வளர்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். தாராளமாய் வளருங்கள். அது பொறுமையைக் கற்பிக்கும் நல்ல ஆசான். ஆனால் மலைக்காட்டில் நிற்பதைப் பிடுங்கி வராதீர்கள்; நர்சரிக் கன்றையோ, சுவர் விரிசலில் முளைத்ததையோ எடுங்கள். ஊருக்குப் போகும்போது தண்ணீர் வார்க்க அடுத்த வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முடியுமானால், ஒரு தொட்டி மரத்துக்கு ஒரு மரமாவது தரையில் நடுங்கள். உங்கள் வீட்டில் இடமில்லையென்றால் பள்ளிக்கூடத்திலோ தெருவோரத்திலோ அனுமதி பெற்று நடுங்கள். மாலையில் கத்தரிக்கோலை எடுக்கும்போது, வீட்டுக்குள் பாடப்புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவன்மேல் நீங்கள் சுற்றியிருக்கும் கம்பிகளில் எதை இந்த ஆண்டு எடுக்கவேண்டும் என்பதைக் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.