மண்ணும் குயவனும்

சைவாசிரியர்காள்!

நதிகளே ஆதி நாகரிகங்களைப் பெற்றன என்று பூமிசாஸ்திர வகுப்பிலே சொல்லுகின்றோம். அது பொய்யன்று, ஆயினும் அரைவாசியே மெய். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் என்று சித்தாந்தம் கற்ற நாம், இங்கே மாத்திரம் மண்ணையே குயவனாக்கிவிடுதல் என்னை? மண்ணும் மழையும் திருவருள் தந்தவை, முயற்சி உயிரினது.

எகிப்தை முதலில் நோக்குக. எதியோப்பிய மலைகளிற் பெய்த மழையினாலே நைல் பெருகி, ஆவணி புரட்டாதியில் வயல்களை மூடி, வண்டலைப் படியவிட்டு, விதைப்புக் காலத்துக்கு வடிந்தது. (1970 இல் முடிவுற்ற அசுவான் பேரணையோடு அவ்வெள்ளம் நின்றது.) நீரோட்டம் வடக்கே செல்ல, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுதலால், தோணிகள் போதற்கு ஆறும் மீளுதற்குப் பாயும் உதவின. இருபுறத்தும் பாலைவனம் மதிலாயிற்று. கி.மு. 3100 அளவில் அந்நாடு ஓரரசின்கீழ் வந்தமைக்கு இவை பெருந்துணை.

யூப்பிரதீசு, தைகிரிசு நதிகளின் கீழ்ப்பாகத்து வாழ்ந்த சுமேரியர்க்கோ நிலம் அத்துணை இரங்கவில்லை. வடமலைப் பனியுருகி வந்த வெள்ளம், பங்குனி சித்திரையில், வாற்கோதுமை முற்றிநிற்கும் வேளையிலே வந்தது. விதைக்கும் ஐப்பசியில் ஆறு மெலிந்து கிடந்தது. கரைகட்டி வாய்க்கால் வெட்டினாலன்றி அவர்க்கு உணவில்லை. கல்லும் நன்மரமும் உலோகமும் அங்கே அரியன. இருந்தது களிமண். அதனாற் செங்கல் அறுத்தனர், அதனையே சுட்டு அரிவாளுஞ் செய்தனர், கி.மு. 3200 அளவில் அதன்மேல் நாணற்கோலால் எழுத்தும் பொறித்தனர். முதலில் எழுதியது காவியமன்று, தானியக் கணக்கும் ஆட்டுக்கணக்குமே. வரவு இடாப்பு எழுதிக் களைக்கும் நமக்கு இஃதோர் ஆறுதல்!

அவ்வாய்க்கால்களே காலப்போக்கில் நிலத்தை உவராக்கின. கோதுமை குன்றி, உவரைப் பொறுக்கும் வாற்கோதுமையே மிகுந்தது. உவர்க்கிணறு கண்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதனை விளக்குதல் எளிது.

யான் சிறுவயதிற் படித்த மிஷன் பாடசாலையிலே, வெப்பநாட்டார் இயல்பாகவே சோம்பர் என்று ஓராசிரியர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். அரிவாளைக் களிமண்ணாற் செய்தவர் எந்நாட்டார் என்று கேட்க எனக்கு அப்போது தெரியாது. அவர் வாசித்தவாறே விடையெழுதினேன், முழுப்புள்ளியும் பெற்றேன். அப்புள்ளி இன்றும் உறுத்துகின்றது. ஆதலால் இப்பாடத்தை நடத்தும்போது, வெள்ளம் எம்மாதத்தில் வந்தது என்று முதலிற் கேட்கின்றேன். அப்போது வயலில் யாது நின்றது என்று அடுத்துக் கேட்கின்றேன். அவ்வூரவர் என்செய்திருப்பர் என்பதைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருக்கின்றேன்.