கயாதுவுக்குக் கதவு திறந்த ஆசிரமம்



பிரகலாத சரித்திரத்தைக் கேளாத செவி நம் நாட்டில் அரிது. தூணைப் பிளந்து நரசிம்மர் வெளிப்படும் கட்டத்தில் நாம் மெய்சிலிர்க்கிறோம். ஆனால் அச்சரித்திரத்தின் தொடக்கத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். ஆதரவற்று நின்ற ஒரு கர்ப்பிணியின் அழுகையே அந்தத் தொடக்கம்.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாவது ஸ்கந்தத்தில் பிரகலாதனே தன் தோழர்களுக்கு இதனைக் கூறுகிறான். இரணியகசிபு தவம் செய்ய மந்தர மலைக்குச் சென்றிருந்தான். அவ்வேளையில் தேவர்கள் படையெடுத்து வந்தனர். அசுரர்கள் மனைவி மக்களையும் விட்டு உயிர் பிழைக்க ஓடினர். கருவுற்றிருந்த அரசி கயாதுவை இந்திரன் பற்றி இழுத்துச் சென்றான். வழியில் நாரதர் எதிர்ப்பட்டுத் தடுத்தார்: “குற்றமற்ற இவளை விட்டுவிடு.” இந்திரனோ, “இவள் வயிற்றில் அசுரனின் வித்து இருக்கிறது. பிள்ளை பிறக்கும் வரை வைத்திருந்து, அதைக் கொன்ற பிறகு இவளை விடுவேன்” என்றான். “அக்குழந்தை பாவமற்றது, பரம பக்தன்” என்றார் நாரதர்.

இருவரும் பார்த்தது ஒரே வயிற்றைத்தான். இந்திரன் ‘யாருடைய பிள்ளை?’ என்று பார்த்தான். நாரதர் பிறக்கப்போகும் உயிரைப் பார்த்தார். அழுது நின்ற தாயையும் பார்த்தார். “மகளே, உன் கணவன் திரும்பும் வரை இங்கேயே இரு” என்று ஆறுதல் கூறித் தம் ஆசிரமத்திற்கு அழைத்துச் சென்றார். எந்தத் திசையிலிருந்தும் அச்சமின்றி அவள் அங்கே வாழ்ந்தாள். அவளுக்கு அவர் அளித்தது உணவும் கூரையும் மட்டுமல்ல. தர்மத்தையும் ஞானத்தையும் உபதேசித்தார். தாய் கேட்டதைக் கருவிலிருந்த பிள்ளையும் கேட்டது.

கைவிடப்பட்ட சீதைக்கு வால்மீகி முனிவர் இடம் கொடுத்ததும் இவ்வாறே. ஆதரவற்ற கர்ப்பிணிக்குத் தங்குமிடம் அளிப்பது புதிதாக வந்த சமூகப்பணி அன்று. அது ஆசிரம தர்மம்.

இந்தத் தர்மத்தை நாம் மறந்திருந்த காலமும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இளம் வயதில் கணவனை இழந்த பெண்களுக்கு மறுமணம் மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருத்தி கருவுற்றால், பழியெல்லாம் அவள் தலையில் விழுந்தது. கருவுக்குக் காரணமான ஆண் சபையில் நிமிர்ந்தே அமர்ந்திருந்தான். புணேயில் அவ்வாறு வஞ்சிக்கப்பட்ட ஓர் இளம் கைம்பெண், பழிக்கு அஞ்சித் தான் ஈன்ற சிசுவைக் கொன்றாள். அவளுக்கு அந்தமானில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய துயரங்களைக் கண்டு மனம் கலங்கிய ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும், 1863-ஆம் ஆண்டு தங்கள் இல்லத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு விடுதி ஒன்றைத் தொடங்கினர். கைம்பெண்கள் இரகசியமாக வந்து பத்திரமாகப் பிரசவிக்கலாம். குழந்தையைத் தம்முடன் கொண்டு செல்வதோ விட்டுச் செல்வதோ அவரவர் விருப்பம் என்று நகரில் அறிவிப்பு ஒட்டினர்.

1874-இல் ஒரு கைம்பெண் அங்கே ஈன்ற ஆண் மகவைப் புலே தம்பதியர் தத்தெடுத்து யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்தனர். அவர் மருத்துவரானார். 1897-இல் புணேயைப் பிளேக் நோய் தாக்கியபோது, தாயும் மகனும் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தனர். அத்தொண்டிலேயே நோய் தொற்றி, அவ்வாண்டு மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் உயிர் நீத்தார். ‘யாருடைய பிள்ளை?’ என்று கேட்டு அந்தக் கதவு அடைக்கப்பட்டிருந்தால், அத்தனை நோயாளிகளுக்கு ஒரு மருத்துவர் கிடைத்திருப்பாரா?

“இவ்வாறு இடம் கொடுத்தால் தவறு பெருகாதா?” என்று சிலர் வினவலாம். நாரதர் இரணியனின் கொடுமையை ஏற்றுக்கொண்டா கயாதுவைக் காத்தார்? இல்லை. தவற்றைத் தடுக்க வேண்டிய இடம் வேறு, காலம் வேறு. நிறைமாதத்தில் ஒருத்தி வாசலில் நிற்கும் நேரம் நீதி விசாரணைக்குரியதன்று. கதவை அடைப்பதால் தவறு குறைவதில்லை. கிணறுகளும் குப்பைத் தொட்டிகளுமே அதற்குச் சாட்சி.

ஆதரவு வேண்டுவோர் அனைவரும் பழிக்கு அஞ்சி வருபவர்களும் அல்லர். ஒடிசாவின் மலைப்பகுதிகளில் ‘மா கிருஹம்’ என்னும் இல்லங்கள் இயங்குகின்றன. சாலையற்ற சிற்றூர்களிலிருந்து பழங்குடிப் பெண்கள் பிரசவ நாளுக்குச் சில நாட்கள் முன்னரே அங்கு வந்து, மருத்துவமனைக்கு அருகில் தங்கி உணவும் கவனிப்பும் பெறுகிறார்கள். அங்கே பகை, ஆறும் மலையும்தான். துன்புறும் பெண்களுக்காக அரசு ஆதரவில் நடைபெறும் ‘சக்தி சதன்’ இல்லங்களும் உள்ளன. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும்.

இத்தகைய இல்லங்களை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம். சிசுவைக் காக்கும் ஆர்வத்தில் தாயை மறந்துவிடாதீர்கள். அவள் வெறும் பாத்திரம் அல்லள். “பெற்றுக் கொடுத்துவிட்டுப் போ” என்பதும் “நீதான் வளர்த்தாக வேண்டும்” என்பதும் ஒருபோல் வன்முறையே. குழந்தையை ஒப்படைக்கும் தாய் தன் முடிவை மறுபரிசீலனை செய்ய 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் அளிக்கிறது. அந்த அவகாசத்தில் அவளுக்குத் தேவை நிதானம், நல்லுணவு, அருகில் அமர்ந்து கேட்கும் ஒரு செவி.

இல்லம் நடத்தும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் நாக்கு எல்லோருக்கும் இருக்கிறது. அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றித் தெருவில் முணுமுணுப்பு எழும்போது நாம் என்ன செய்கிறோம்? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண், கணவன் விட்டுச் சென்றபின் நிறைவயிற்றோடு வந்து நின்றால், “இனி வேலைக்கு வரவேண்டாம்” என்கிறோமா, “சாப்பிட்டாயா அம்மா?” என்கிறோமா? நம் மகளே ஒரு நாள் தலை குனிந்து வந்து நின்றால், நம் வாயிலிருந்து வரும் முதற்சொல் இந்திரனுடையதா, நாரதருடையதா?

அடுத்த முறை பிரகலாத சரித்திரம் கேட்கையில், நரசிம்மரை வணங்குவதற்கு முன் கயாதுவை ஒரு கணம் நினையுங்கள். அவளைக் காணும் கண்களையும், “மகளே, இங்கேயே இரு” என்று சொல்லும் நாவையும் இறைவன் நமக்கு அருள்வானாக.