படையலுக்கு ஆகும் கிழங்கு, நோன்புக்கு ஆகாத கிழங்கு

தைப்பொங்கலன்று திருநெல்வேலிப் பக்கம் சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பனங்கிழங்கு எல்லாம் குத்துவிளக்கின் முன் படையலாகும். மண் தந்ததை முதலில் கதிரவனுக்குக் காட்டிவிட்டு உண்பதே அங்கே அறம். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்தால் மண்ணோடு தோலும் உரியும். சேனையின் நமைச்சலுக்குக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காரணம். புளி சேர்த்துக் குழைய வேகவைத்தால் அடங்கும்.

இதே கிழங்குகளைச் சமண நெறி விலக்குகிறது. கிழங்கு ஒன்றில் எண்ணிறந்த உயிர்கள் ஓருடலாகத் தங்கியிருக்கின்றன என்பது அதன் கொள்கை. தோண்டும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்களும் மடியும். காயைப் பறித்தால் செடி பிழைக்கும், கிழங்கைப் பிடுங்கினால் செடியே போய்விடும் என்பாரும் உண்டு. இந்த வாதம் சற்றுத் தளர்வானது. நெல்லும் தாளோடுதான் அறுபடுகிறது. உயிர்க்கணக்கே வலுவானது. பச்சை இஞ்சியை ஒதுக்குபவர்கள் சுக்கை ஏற்பதும் அதனால்தான்: காய்ந்தது மீண்டும் முளைக்காது.